பால்கனி முன் வரிசை, ரெண்டு சீட்டு

இல்ல தம்பி, அது காலி சீட்டு இல்ல. ஆளு இருக்கு. கோட்டு விரிச்சுப் போட்டிருக்கேன் பாருங்க, அதுக்குத்தான். டிக்கெட்டு ரெண்டும் எங்கிட்டதான் இருக்கு. இந்தாங்க, பாத்துக்கங்க. பால்கனி, முன் வரிசை, கம்பி ஓரத்துல ரெண்டு. சரியா இருக்கா? இல்ல, கழிப்பறைக்கெல்லாம் போகல. கீழ போய்த் தேட வேணாம். ஆளு வரும். அந்தப் பொண்ணு கால்ல கட்டோட நிக்குது, பாவம்தான், எனக்கும் கண்ணு இருக்கு. வேற எங்கயாவது இடம் பண்ணிக் குடுங்க. இந்த சீட்ட மட்டும் கேக்காதீங்க.

காலைலேர்ந்து இதே கேள்விதான். க்ரிம்ஸ்பிலேர்ந்து டான்காஸ்டர், அங்க மாறி லண்டன். ரயில்லயும் ரெண்டு சீட்டு, போன மாசமே பதிவு பண்ணது. பை தூக்கிட்டு ஒரு ஆளு வந்து, இங்க யாராவது உக்காரப் போறாங்களான்னாரு. ஆமான்னேன். நின்னுக்கிட்டே வந்தாரு. என்னையும் கோட்டையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. கோட்டுக்கு டிக்கெட்டு இருக்கு சார்னு சொன்னேன். சிரிக்கிறதா வேணாமான்னு அவருக்குத் தெரியல. பீட்டர்பரோல எறங்கிட்டாரு.

தம்பின்னு கூப்பிடுறேன், கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கும் அறுபதுக்குப் பக்கத்துல இருக்கும்போல. தோள்பட்டையும் நல்ல அகலம். பேரு என்ன? மால்கமா. சரி. ராத்திரி முழுக்க இந்தப் பக்கம்தானா உங்களுக்கு வேலை? இந்தப் படிக்கட்டு, இந்த வரிசை, அவ்வளவுதான? நல்லதாப் போச்சு.

என்ன? சத்தமாச் சொல்லுங்க, காதுல அடைப்பான் வச்சிருக்கேன். முதல்ல பாடுற பசங்க முடிக்கட்டும், அப்புறம் பேச வசதியா இருக்கும். இவங்க எந்த ஊரு, ஸ்டோக்கா? நல்லா இருக்காங்க. அந்த டிரம்ஸ் அடிக்கிற பையனுக்கு யாராவது சாப்பாடு போட்டா தேவல.

ஆமா. எம் பொண்ணுதான். பாடுறது, கிட்டார் வாசிக்கிறது, நடுவுல நிக்கிறது. கெய்லி. எப்படிக் கண்டுபிடிச்சீங்க, மூக்கா? எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. அது அவங்க அப்பா மூக்கு, என்னோடது இல்ல.

அதனாலதான் சீட்ட விட மாட்டேங்குறேன். பெருமைக்கு இல்ல தம்பி, காரணம் இருக்கு. அவ மேடைக்கு வந்ததும் முதல் வேலையா அவங்க அப்பா எங்க இருக்காருன்னுதான் பாப்பா. அங்கேர்ந்து பாத்தா ஒண்ணும் தெரியாதாம், விளக்கு கண்ணுல அடிக்கும்ல. மூஞ்சியெல்லாம் தெரியாது. வெள்ளைக் கோட்டும் வெள்ளைத் தொப்பியும் குறிச்ச இடத்துல தெரிஞ்சா போதும், பாட ஆரம்பிச்சிருவா. அவரு வரேன்னு சொன்ன ஊர்ல அது தெரியலன்னா ஆரம்பிக்க மாட்டா. நெசமாத்தான். நாரிச்ல ஒரு தடவ, வேன வேற எடத்துல நிறுத்தச் சொன்னாங்கன்னு இவரு வெளிய போயிட்டாரு. அந்த நேரம் பாத்து இவ மேடைக்கு வந்துட்டா. கண்ணு மேல கைய வச்சுக்கிட்டு பாக்குறா. ரெண்டு நிமிஷம் சத்தமே இல்ல. அப்புறம் மைக்குல, எங்கப்பா எங்க, யாராவது பாத்தீங்களான்னு கேட்டா. கூட்டம் மொத்தமும் தலையத் திருப்பித் தேடுது. இவரு மூச்சு வாங்க ஓடி வராரு, கைல பார்க்கிங் சீட்டு. வந்துட்டேன் வந்துட்டேன், பாடித் தொலைங்கிறாரு.

அன்னைக்கு இருந்தது நூறு பேரு. இன்னைக்கு எவ்வளவு, அஞ்சாயிரமா? நிரம்பிருச்சா? மேல் பால்கனியுமா? சரி.

கீழ பாருங்க, எத்தன வெள்ளைக் கோட்டு. இந்தப் பிள்ளைங்கள்ல ஒண்ணுகூட மீன் அறுத்திருக்காது. எங்க போய் வாங்குறாங்களோ. அந்த உயரமான பையன் தொப்பியும் போட்டிருக்கான், நாடாவோட. அதெல்லாம் எங்க வீட்டுக்காரரோடதுல ஆரம்பிச்சது. நெவில்னு பேரு. க்ரிம்ஸ்பி மீன் வேன் பாத்திருக்கீங்களா? வாரத்துக்கொரு நாள் தெருவுல வந்து மணியடிக்கும், பொம்பளைங்க தட்டோட வருவாங்க. உங்க அம்மா வாங்குவாங்களா? ஹேடக் மீனா? அப்ப உங்களுக்குத் தெரியும். அதுதான் அவரு தொழிலு. விடியக்காலம் துறைமுகத்துல சரக்கு எடுத்துட்டு, நெவார்க், கெட்டரிங், கோவன்ட்ரின்னு ஒவ்வொரு நாள் ஒவ்வொரு பக்கம். முப்பது வருஷம் ஓட்டுனாரு. தெருவுக்குத் தெரு யாரு தோலோட கேப்பா, யாரு முள்ளெடுத்துக் கேப்பான்னு சொல்லுவாரு. எங்க கல்யாண நாள மட்டும் சொல்லத் தெரியாது.

கெய்லி பள்ளிக்கூடத்துல இருக்கும்போதே ஆரம்பிச்சது இந்தக் குழு. டிரம்ஸுக்கு பிப்பா, எதிர் வீட்டுப் பொண்ணு. இன்னொரு கிட்டாருக்கு ஜாவெத், அவங்க அப்பா ஃப்ரீமன் தெருவுல கண்ணாடிக் கடை வச்சிருக்காரு. பேரு வைக்கணும்ல. க்ளீத்தோர்ப்ஸ் கடற்கரைல ஒரு பிங்கோ ஹாலு இருக்கு, நம்பர் கூப்பிட்டு ஆடுற ஆட்டம், மழை பெய்ஞ்சா வெளிய ஒரு பலகை வைப்பாங்க, கெட்ட வானிலைக்கு உள்ள பிங்கோ உண்டுன்னு. அதுக்குக் கீழ ஒதுங்கி நின்னுருக்காங்க மூணு பேரும். பேட் வெதர் பிங்கோ. நான் கேட்டேன், இதெல்லாம் ஒரு பேரான்னு. இன்னைக்கு வெளிய வாசல்ல விளக்குல எழுதியிருக்கு. சாயந்தரம் நின்னு பாத்தேன். ஒண்ணும் தோணல. எழுத்து சரியா இருக்கான்னு பாத்துட்டு உள்ள வந்துட்டேன்.

முதல்ல அமெரிக்காக்காரங்க மாதிரி மூக்கால பாடிக்கிட்டு இருந்தாங்க. இந்த வகைப் பாட்டு, பாப் பங்க்குங்கிறாங்களே, அப்படித்தான் பாடணும்னு நெனப்பு. இவரு கதவுகிட்ட நின்னு கேட்டுட்டு சொன்னாரு, ஏன்டி, கலிபோர்னியாவுல எந்தத் தெருவுல பொறந்த நீ? உங்கம்மா எனக்குச் சொல்லவே இல்லையேன்னாரு. அவ கிட்டார கீழ வச்சுட்டு மாடிக்குப் போய் கதவ அடிச்சு சாத்துனா. மறுவாரம் எங்க ஊர்ப் பேச்சுலயே பாடுனா. அவ்வளவுதான். அதுக்கப்புறம் அவங்க ரெண்டு பேரும் அதப் பத்திப் பேசுனதே இல்ல.

வெளியூர் போகணும்னா வண்டி வேணுமே. மீன் வேன்தான். சாயந்தரம் கழுவி, பிளீச் ஊத்தி, டிரம்ஸ ஏத்துவாரு. வாடை போகாது. ஸ்பீக்கர்லயே ஏறிருச்சு. ஒவ்வொரு பப்புலயும் இவங்க வந்ததும் சமையக்கட்டுலேர்ந்து ஆளு எட்டிப் பாக்கும், நான் மீன் கேக்கலையேன்னு. ஒரு தடவ குளிர் மெஷின அணைக்க மறந்துட்டாரு. டெர்பி வரைக்கும் பின்னாடி மூணு பேரும் ஐஸ்ல கெடந்தாங்க. கதவத் தட்டியிருக்காங்க, இவரு ரேடியோ கேட்டுக்கிட்டு வந்திருக்காரு. எறங்கும்போது உதடு நீலமாப் போச்சு. கிட்டார் கம்பியெல்லாம் சுதி எறங்கிப் போச்சு. நேரமும் ஆயிருச்சு. கைல கெடைச்ச வெள்ளைக் கோட்ட மேல மாட்டிக்கிட்டு, நடுங்கிக்கிட்டே மேடை ஏறிட்டாங்க. யாரோ போட்டோ எடுத்துட்டாங்க. அதுலேர்ந்துதான் இந்தக் கோட்டு.

பாடுறதுக்கு ஊரு எப்படிப் பிடிச்சாங்கன்னு கேக்குறீங்களா? ஏஜெண்டும் இல்ல, ஒருத்தரும் இல்ல. மீன் ரூட்டுதான். வியாழக்கிழமை கெட்டரிங்ல மீன் குடுப்பாருல்ல, அப்பவே சுத்துற தாளுக்குள்ள ஒரு நோட்டீஸும் வச்சுக் குடுப்பாரு. எம் பொண்ணு பாடுறா, சனிக்கிழமை சாயந்தரம், காதுக்கு ஏதாவது வச்சுக்கிட்டு வாங்கன்னு. எழுபது வயசுக் கெழவிங்க வந்தாங்க தம்பி. பேரன் பேத்தியக் கூட்டிட்டு வந்தாங்க. அந்தப் பேரன் பேத்தி மறுதடவ அவங்க பள்ளிக்கூடத்தையே கூட்டிட்டு வந்துச்சுங்க. கோவன்ட்ரில மிசஸ் ஆல்சப்னு ஒரு அம்மா, ராத்திரி இவங்க மூணு பேருக்கும் அவங்க வீட்டுத் தரையில படுக்கை போட்டு, காலைல முட்டை பொரிச்சுக் குடுப்பாங்க. முட்டி மோதி ஆடுற கூட்டத்துல யாராவது கீழ விழுந்தா எல்லாரும் நிறுத்தித் தூக்கி விடணும்னு ஒரு பழக்கம் உண்டு இவங்களுக்குள்ள. அந்தம்மா ஒரு நாள் நடுவுல போய் நின்னுட்டாங்க. விழவே இல்ல. சுத்தி நின்ன பசங்கதான் விழுந்தாங்க.

அந்தப் பாட்டா? கதவச் சாத்து. உங்களுக்கே தெரிஞ்சிருக்கே. பேத்தி வீட்ல போடுதா? அவ பையில மரத்துல ஒரு குட்டி முள்கரண்டி மாட்டியிருக்குமே, சிப்ஸ் கடைல குடுக்குறது? இருக்கா? அப்ப அது நான் போட்டதுதான். இவங்க இசைத்தட்டு எல்லாமே எங்க சாப்பாட்டு மேசைலதான் கட்டி அனுப்புனோம். ஒவ்வொரு பார்சல்லயும் ஒரு முள்கரண்டி. ஏன்னு கேட்டா காரணம் கெடையாது, வேன்ல ஒரு பெட்டி மிச்சம் இருந்துச்சு. அது தீர்ந்தப்ப அனுப்பாம விட்டோம், உடனே சண்டைக்கு வந்துட்டாங்க, எங்க முள்கரண்டி எங்கன்னு. தபாலாபீஸ்ல அந்தம்மா என்னப் பாத்தாலே ஜன்னல மூடுவாங்க.

பாட்ட சொல்ல வந்தேன். வேன் கதவ யாராவது தெறந்து போட்டா இவரு கத்துவாரு, கதவச் சாத்து, குளிரு போவுதுன்னு. முப்பது வருஷமா ஒரே கத்து. வீட்டுலயும் அதே. ஊர விட்டுப் போறதப் பத்தி அவ ஒரு பாட்டு எழுதுனா, அதுல நடுவுல எல்லாச் சத்தமும் நின்னுரும். டிரம்ஸு மட்டும் நாலு அடி. நாலு முடிஞ்சதும் எல்லாருமாச் சேந்து கத்தணும், கதவச் சாத்து. இந்த வகைப் பாட்டுல அப்படி ஒரு கும்பல் கத்தும், அதுக்குக் கூலிக்கு ஆளு பிடிக்க மாட்டாங்க, யாரு சும்மா நிக்கிறாங்களோ அவங்கதான். லவுத்ங்கிற ஊர்ல ஒருத்தர் கொட்டகைல பதிவு பண்ணாங்க. தெருவுல போனவங்கள எல்லாம் உள்ள இழுத்தாங்க. நானும் இருக்கேன் அதுல, ஜாவெத்தோட அம்மா இருக்காங்க, நாய வெளிய கூட்டிட்டுப் போன ஒருத்தரு இருக்காரு. இவங்கள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக வந்த இவரையும் நிக்க வச்சாங்க.

இவருக்குப் பொறுக்காது. நாலு வரைக்கும் எண்ண மாட்டாரு. மூணாவது அடிலயே கதவச் சாத்துன்னு கத்திட்டாரு, தனியா. எல்லாரும் சிரிச்சுட்டாங்க. திரும்ப எடுத்தாங்க. திரும்பவும் மூணு. பிப்பா கை விரல் விட்டு எண்ணிக் காட்டுறா. அப்பவும் மூணு. ஏன் நெவில்னு கேட்டா, நாலு வரைக்கும் தெறந்து வச்சா மீன் என்னத்துக்கு ஆகும்ங்கிறாரு. கடைசில பிப்பாதான் சொன்னா, விடுங்க, எல்லாரும் சரியாக் கத்துனா பள்ளிக்கூடம் மாதிரி இருக்கு, ஒருத்தரு முந்துனாத்தான் வீடு மாதிரி இருக்குன்னு. அப்படியே விட்டாங்க.

இப்ப எல்லா ஊர்லயும் கூட்டம் மூணுலதான் கத்துது. யாருக்கும் அது தப்புன்னே தெரியாது. அதுதான் பாட்டுன்னு நெனைச்சுட்டாங்க.

அந்தத் தப்ப எடுத்துரலாம்னுதான் லண்டன்லேர்ந்து ஒரு ஆளு வந்தாரு. பெரிய கம்பெனி, பேரு வேணாம். நல்ல மனுஷன்தான், மரியாதையாப் பேசுனாரு, துறைமுகத்துல நடக்குற மாதிரி செருப்புதான் போட்டுட்டு வரல. இவங்கள பெரிய ஆளுங்களா ஆக்குறேன், பாட்ட மட்டும் திரும்பப் பதிவு பண்ணலாம், கத்துறத நாலுக்கு கொண்டு வந்துரலாம், ரேடியோல போடுறவங்களுக்கு வசதின்னாரு. கோட்டும் வேணாம்னாரு. கெய்லி கேட்டுக்கிட்டே சிப்ஸ சாப்பிட்டா. கடைசில, எங்கப்பாவுக்கு நாலு வரைக்கும் எண்ணத் தெரியாதுங்க, அவர நான் எங்க போய் மாத்துறதுன்னா. அவரு சிரிச்சாரு. இவ சிரிக்கல. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சது. வெளிய வந்து இவரு திட்டுனாரு, முட்டாள்தனம் பண்ணிட்ட, எனக்கு எண்ணத் தெரியும், நாளைக்கே எண்ணிக் காட்டுறேன், போய் அந்தாளக் கூப்பிடுன்னு. போ அப்பாங்கிறா. வேன்ல ஏறிட்டா, அன்னைக்கு பிரைட்டன்ல பாட்டு.

அப்புறம் இசைத்தட்ட இவங்க மூணு பேருமே வெளியிட்டாங்க. அந்த வாரம் கடை கடையாப் போய் நின்னு பாடுனாங்க, காலைல ஒரு ஊரு, மத்தியானம் ஒரு ஊரு. பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்குப் போகாம வரிசைல நின்னுச்சுங்க. ஒவ்வொண்ணும் ரெண்டு மூணு வாங்கிச்சு, எங்களுக்காக. வெள்ளிக்கிழமை விற்பனைல நாட்டுலயே முதல் பத்துக்குள்ள வந்துருச்சு. நாங்க ஹார்ன்சீல ஒரு மீன் கடைல உக்காந்திருந்தோம். பிப்பா அழுவுறா, ஜாவெத் அவங்க அப்பாவுக்கு போன் போடுறான். இவரு தட்டப் பாத்துட்டு, இந்த ஹேடக் நார்வேலேர்ந்து வந்தது, பழசுன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. ராத்திரி வீட்டு வாசல்ல வேன்ல தனியா உக்காந்து ரேடியோவத் திருப்பித் திருப்பி வச்சுக்கிட்டு இருந்தாரு. நான் மாடியிலேர்ந்து பாத்தேன்.

கூட்டம் பெருசாகப் பெருசாக அவரு கத்துறது கேக்காதுல்ல. அதுக்காகத்தான் இந்தக் கை தூக்குறது. இப்பல்லாம் இந்தப் பாட்டத்தான் முதல்ல எடுக்குறாங்க. சத்தம் நிக்கும், அவ இவரப் பாத்துக் கைய நீட்டுவா, விளக்கும் இங்க திரும்பும். இவரு எழுந்து மூணுல கையத் தூக்குவாரு. அதப் பாத்து மொத்தக் கூட்டமும் கத்தும். அவரு கைதான் கணக்கு. டிரம்ஸ் கூட அப்புறம்தான். ஆமா, நீங்க இந்த வேலைல எத்தனையோ பாத்திருப்பீங்க. ஆனா மீன் விக்கிறவரு கையத் தூக்கி ஆரம்பிக்கிறத பாத்திருக்க மாட்டீங்க.

இப்ப வேன் இல்ல. படுக்கை வச்ச பஸ்ஸு. போன இலையுதிர் காலத்துல நுரையீரல் கெட்டுப் போச்சு அவருக்கு. டாக்டரு வண்டியத் தொடக் கூடாதுன்னுட்டாரு. அந்த பஸ்ஸப் பாக்க மாடிப்படி எறங்கி வந்தாரு, தூங்கிக்கிட்டே போனா எந்த ஊருன்னு எப்படிரா தெரியும்னு ஜாவெத்தக் கேட்டுட்டுத் திரும்பிப் போயிட்டாரு. அப்புறம் வீட்டோடதான். பக்கத்து ஊர்னா மட்டும் நான் கூட்டிட்டுப் போவேன். லிங்கனுக்குப் போனோம், ஹல்லுக்குப் போனோம். ஆக்சிஜன் குழாயக் கழட்டிட்டுத்தான் எழுந்து கையத் தூக்குவாரு. நான் தொடையில தட்டுவேன், ஏன்னா கண்ணும் சரியாத் தெரியல, டிரம்ஸும் சரியாக் கேக்கல. மூணுல தட்டிருவேன். அது ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச விஷயம்.

இவங்களோட இந்தக் கச்சேரிப் பயணம் ரொம்ப நீளம். க்ளாஸ்கோல ஆரம்பிச்சு இங்க முடியுது. கெளம்புறதுக்கு முந்தின நாள் கெய்லி வந்து கட்டில்ல உக்காந்தா. லண்டனுக்கு வருவீங்களா அப்பான்னா. வராம, டிக்கெட்டு வாங்கியாச்சுல்லன்னாரு. அவ போனதும் எங்கிட்ட சொன்னாரு, நடுவுல நான் போயிட்டேன்னா வாயத் தெறக்காத, லண்டன் முடியட்டும், அதுவரைக்கும் தூக்கி ஃப்ரீசர்ல போட்டு வை, முப்பது வருஷமா அதுதான பண்ணோம்னு. சிரிச்சாரு, சிரிச்சா இருமல் வந்துரும், தண்ணி குடுத்தேன்.

தெனமும் சாயந்தரம் கூப்பிடுவா. புதன்கிழமை கூப்பிட்டா, குளிக்கிறாருன்னேன். வியாழக்கிழமை தூங்குறாருன்னேன். நேத்து, அப்பாவ ஒரு போட்டோ அனுப்பச் சொல்லும்மான்னா. ஈஸ்டர்ல எடுத்தது ஒண்ணு இருந்துச்சு, அத அனுப்புனேன். நல்லா இருக்காரேன்னு எழுதுனா. ஆமான்னு எழுதுனேன்.

முடிச்சுட்டாங்களா அந்தப் பசங்க? கை தட்டுங்க தம்பி, பாவம். 

என்ன கேட்டீங்க, எப்ப வருவாருன்னா? வர மாட்டாரு மால்கம். புதன்கிழமை காலைல போயிட்டாரு. நான் கீழ டீ போடப் போயிருந்தேன். ரெண்டு கப்போட மேல வந்தேன். ஒரு கப்ப நான் குடிச்சேன், ஒரு கப்ப சிங்க்குல ஊத்திக் கழுவி வச்சேன், அப்புறம்தான் டாக்டருக்குப் போன் பண்ணேன். ஏன் அந்த வரிசைல பண்ணேன்னு தெரியல. அடக்கத்துக்கு இன்னும் தேதி கெடைக்கல, ரெண்டு வாரம் ஆகுமாம், எப்பவும் ஆகுறதுதான். இப்ப ஃப்ரீசர்லதான் இருக்காரு. அவரு சொன்னபடியே.

வேணாம், தண்ணியெல்லாம் வேணாம். நான் நல்லாத்தான் இருக்கேன். உக்காருங்க, நின்னுக்கிட்டே இருக்கீங்க.

இல்ல, யாருக்கும் தெரியாது. எதிர்ல பிப்பா வீட்லயும் திரைய மூடியிருந்தாங்க, ஊருக்குப் போயிருக்காங்க. முடிஞ்சதும் நான் கீழ போய்ச் சொல்லணும். வாசல்ல ஒருத்தரு கைல பட்டை கட்டி விட்டிருக்காரு, இதக் காட்டுனா உள்ள விடுவாங்களாம். சொன்னதும் அவ என்னைய என்ன சொல்லுவான்னு தெரியும். சொல்லட்டும். பாடி முடிச்சுட்டுச் சொல்லட்டும்.

அதான், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். வந்ததுலேர்ந்து உங்களத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். தோளு அதே அகலம், உயரமும் கிட்டத்தட்ட. கீழ இருக்கிற பிள்ளைங்க யாரையாவது கூப்பிடலாம், கோட்டோடயே வந்திருக்காங்க, ஆனா அவங்க நிக்கிற வாக்கே வேற, தெரிஞ்சிரும். நாளைக்கு போன்ல ஊரெல்லாம் போட்டும் விட்டுருவாங்க. நீங்க இது வரைக்கும் போனையே எடுக்கல.

ஒரு பாட்டுதான். முதல் பாட்டு. மேலதிகாரி கேட்டா எனக்கு மயக்கம் வந்துச்சு, பக்கத்துல உக்காந்தேன்னு சொல்லுங்க. நானும் அப்படியே சொல்றேன். பாட்டு முடிஞ்சதும் நீங்க எழுந்து போயிரலாம், அதுக்கப்புறம் அவ இந்தப் பக்கம் பாக்க மாட்டா. அந்தக் கால்கட்டுப் பொண்ணக் கூட்டிட்டு வந்து இங்க உக்கார வைங்க. பாவம், எவ்வளவு நேரமா நிக்குது.

உங்க பேத்திகிட்ட நாளைக்குச் சொல்லுங்க, நம்ப மாட்டா.

இந்தாங்க, கோட்டு. மஞ்சச் சட்டைக்கு மேலயே போட்டுக்கங்க, கழட்ட நேரமில்ல. இந்தக் கை. ஆங். கொஞ்சம் மீன் வாடை இருக்கும். துவைக்கலாம்னு எடுத்தேன், துவைக்கல. பொத்தான் மேல ஒண்ணு கெடையாது, அவரு போடவே மாட்டாரு, விட்டுருங்க. தொப்பி பையில இருக்கு. இன்னும் கொஞ்சம் முன்னாடி இழுங்க. அப்படித்தான்.

என்னப் பாக்காதீங்க, மேடையப் பாருங்க.

விளக்க அணைச்சுட்டாங்க. கேளுங்க, சத்தம் நிக்கும்போது எழுந்து நிக்கணும். நான் தொடையில தட்டுவேன், தட்டுனதும் தூக்கிருங்க. வலது கை. நாலு வரைக்கும் காத்திருக்காதீங்க மால்கம், நாலுல தூக்குனா அவளுக்குத் தெரிஞ்சிரும். கத்தவெல்லாம் வேணாம். கைய மட்டும் தூக்குங்க. கத்துறதுக்கு ஆளு இருக்கு.